இங்கனவுக்கும் வாங்கவுக்கும் நடுவே

ஓய்வு பெற்றபோது எனக்கு வயது இருபத்து மூன்று. இதைச் சொன்னால் விடுதியில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் என்னிடம் உள்ள தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது: நிலையம் மூடப்பட்டது, பணி முடிந்தது, நடத்தை நன்று. மூன்று ஆண்டுகள் ஒரு மேசையின் முன் அமர்ந்து, கண்ணால் பார்த்திராத மனிதர்களோடு பேசினேன். பிறகு அந்த மேசையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் விட்ட இடத்திலிருந்து இலக்கியம் படிக்கக் கல்லூரிக்குத் திரும்பினேன்.

இதை எழுதத் தூண்டியவள் முதலாண்டு மாணவி பிலோமினா. விமான நிலையங்களில் கம்பியில்லாத் தொடர்புப் பணிக்குப் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்ற விளம்பரத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

“அக்கா, பிளேன் ஓட்டுறவங்ககிட்ட பேசுறதுக்கு ரொம்ப இங்கிலீஷ் தெரியணுமோ?”

“வேண்டாம். இருபது சொல் போதும்.”

“அப்ப ஒண்ணும் கஷ்டமில்லல்லா.”

அவளுக்கு நான் அப்போது மறுமொழி சொல்லவில்லை. ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அவளுக்குரிய மறுமொழியையே கட்டுரையாகத் தருகிறேன்.

போர்க்காலத்தில் கல்லூரி இருந்த நகரின் துறைமுகத்தின் மீது குண்டு விழும் என்ற பேச்சு பரவியதும் கல்லூரி விடுதியை மூடினார்கள். நான் பி.ஏ. வகுப்பைப் பாதியில் விட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பினேன். எங்கள் வீடு கடற்கரைத் தெருவில். தந்தை தோணிகளில் சரக்கேற்றுவதை மேற்பார்ப்பவர். அண்ணன்மார் இருவரும் கொழும்புத் தோணிகளில் போய் வந்தார்கள். ஆங்கிலம் அறிந்த பெண்கள் தேவை என்ற அறிவிப்பை முதலில் பார்த்தவர் தந்தைதான். பெங்களூரில் எட்டு வாரம் பயிற்சி தந்தார்கள். அந்த எட்டு வாரத்தில் நான் கற்றது மூன்று: உரக்கப் பேசாமல் தெளிவாகப் பேசுவது, கேட்டதைக் கேட்டபடியே எழுதுவது, ‘ரோஜர்’ என்ற சொல்லுக்குக் ‘கேட்டேன்’ என்பது மட்டுமே பொருள், ‘செய்வேன்’ என்பது பொருளன்று என்பது. செய்வேன் என்பதற்கு ‘வில்கோ’ என்று வேறொரு சொல் இருந்தது. நம்முடைய ‘சரி’ இரண்டையும் ஒருங்கே சொல்லிவிடுகிறது என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன். இலக்கிய மாணவியின் பழக்கம் அது. அந்தக் குறிப்பு எனக்குப் பயன்பட்டிருக்க வேண்டும், பயன்படவில்லை.

ஊருக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டிய வெட்டவெளியைச் சமன் செய்து ஓர் ஓடுபாதை போட்டிருந்தார்கள். பெரிய தளம் கயத்தாற்றுப் பக்கம் இருந்தது. எங்களுடையது கொழும்பிலிருந்து வரும் தபால் விமானங்களும், எப்போதாவது வழி தப்பியவையும் இறங்கும் இடம். தகரக் கூரை போட்ட ஓர் அறை, அதனுள் ஒரு ரேடியோ, ஒரு தொலைபேசி, கடலைப் பார்த்த ஒரு சன்னல். சன்னலுக்கும் கடலுக்கும் இடையே வெள்ளை வெள்ளையாக உப்புப் பாத்திகள். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பக்கம் பார்க்க முடியாது, கண் கூசும்.

அந்த அறையில் இருந்ததைப் போன்ற தனிமையை நான் பிறகு அறிந்ததில்லை. காதில் எப்போதும் மனிதக் குரல் உண்டு. அறையில் மனிதர் இல்லை. விமானிகளுக்கு என் பெயர் தெரியாது, தெரியவும் கூடாது. வானொலியில் நான் பேசினால் ஓர் ஊர் பேசியதாகப் பொருள். அவர்களுக்கும் பெயர் இல்லை, எழுத்தும் எண்ணும்தான். ஒருவர் இருமினால் நான் கவலைப்படுவேன். அடுத்த வாரம் இருமல் நின்றிருந்தால் நிம்மதி அடைவேன். அவரிடம் கேட்க வழியில்லை. வீட்டுக்குப் போனால் பகலெல்லாம் என்ன செய்தாய் என்று அம்மா கேட்பார். பேசினேன் என்று சொல்வேன். யாரிடம் என்று அவர் கேட்டதில்லை.

என் மேலதிகாரி மிஸ்டர் லாசன், மானாமதுரை இரயில்வே காலனியில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். இருபது ஆண்டுகள் இரயில் நிலையங்களில் வேலை பார்த்தவர். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாதிருக்க, ஓட்டுநர் கையில் ஒரு வளையத்தைத் தருவார்கள். வளையம் இல்லாதவன் அந்தப் பாதையில் நுழையக் கூடாது. ஆகாயத்தையும் அவர் ஒற்றைத் தண்டவாளமாகவே கண்டார். வளையத்துக்குப் பதிலாக எங்களிடம் இருந்தது சொல். அதனால் சொல்லை அவர் இரும்பைப் போல் கையாண்டார்.

ஒரு விமானம் நெருங்குகையில் விமானி தன் அடையாளத்தையும் உயரத்தையும் தொலைவையும் சொல்வார். நான் எழுதுவேன். மிஸ்டர் லாசன் காற்றின் திசை காட்டும் காற்றுப் பையைப் பார்ப்பார், ஓடுபாதையைப் பார்ப்பார், பிறகு ஒரு சிறிய சீட்டில் பென்சிலால் அனுமதியை எழுதிக் கையெழுத்திடுவார். இறங்கலாம், அல்லது காத்திரு, அல்லது வேறு தளத்துக்குப் போ. சீட்டை என்னிடம் நீட்டுவார், ஆனால் விடமாட்டார். ஒரு விளிம்பை அவர் விரல்கள் பற்றியிருக்க, மறு விளிம்பைப் பிடித்து நான் அதை உரக்கப் படிக்க வேண்டும். பிழையின்றிப் படித்து முடித்த பிறகே விரல்களை எடுப்பார். அதன் பின் நான் மைக்கில் சொல்வேன். விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொல்லச் சொல்ல என் ஆள்காட்டி விரல் சீட்டின் மேல் சொல் சொல்லாக நகரும். கடைசிச் சொல்லும் பொருந்தினால் ஒரு டிக். திருப்பிச் சொல்லப்படாத அனுமதி அனுமதியே அன்று என்பது அவருடைய சட்டம். ஒரு சொல் குறைந்தாலும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும், பேசுகிறவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும். ஆங்கிலத்தில் அதைக் கேட்பதில் எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. தவறு கண்டால் பென்சிலைத் திருப்பி, அதன் பின்முனையால் அந்தச் சொல்லின் மேல் இரண்டு முறை தட்டுவார், அவ்வளவுதான்.

தபால் விமானங்களில் ஒன்றுக்கு ‘விக்டர் ஏழு’ என்று பெயர். அதை ஓட்டியவரின் ஆங்கிலம் சுத்தமானது. இருந்தாலும் ‘கடல்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அவர் நீட்டும் விதத்தில் அவர் எங்கள் கரைக்காரர் என்பது முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. மணப்பாடோ, புன்னைக்காயலோ, அறியேன். ஒரு நாள் காலை அவருக்கு இறங்கும் அனுமதி கொடுத்து, அவரும் திருப்பிச் சொல்லி, டிக் போட்டாயிற்று. அரை நிமிடத்தில் காதைத் துளைத்துக்கொண்டு வந்தது அவர் குரல்:

“பாதையில மாடு நிக்கி.”

எஞ்சின் உறுமலோடு விமானம் கூரைக்கு மேலே ஏறிப் போயிற்று. காற்றுப் பைக்கும் ஓடுபாதைக்கும் பொறுப்பான சுடலை அண்ணாச்சி கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். மிஸ்டர் லாசன் மட்டும் அசையாமல், இரகசியக் குறிச்சொற்கள் அடங்கிய புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ‘மாடுநிக்கி’ அதில் இல்லை. நான் பொருள் சொன்னேன். அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். ஆனால் ஆகாயத்திலிருந்து தமிழ் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மாட்டை விரட்டிவிட்டு வந்த அண்ணாச்சிக்கு இது பெரிய வேடிக்கை. “மாட்டைப் போயிக் கோடு வேர்டுங்காரே தொர” என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிஸ்டர் லாசன் சிரிக்கவில்லை. அன்று மாலையே சிவப்பு மையில் எழுதி மைக்குக்கு மேலே ஒட்டினார்: ஆங்கிலம் மட்டும். ஒரே கம்பியில் இரண்டு மொழி ஓடினால், எது எதோடு மோதும் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது என்றார். அது இரயில்காரரின் பிடிவாதம் என்று அப்போது நினைத்தேன்.

இரண்டாவது ஆண்டு ஐப்பசியில், நான்கு நாள் விடாத மழைக்குப் பின், ஒரு நண்பகலில் வேறொரு விமானம் எங்களிடம் இறங்கியது. ஓடும்போது டயர் வெடித்து, ஒரு சக்கரம் ஓடுபாதையின் நடுவே சேற்றில் இறங்கிவிட்டது. அதை இழுத்து ஓரம் சேர்க்காமல் இன்னொன்று இறங்க முடியாது. தொலைபேசிக் கம்பியும் காலையிலேயே அறுந்திருந்தது. மிஸ்டர் லாசன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கிளம்புமுன் விக்டர் ஏழுக்காக ஒரு சீட்டு எழுதினார்: பாதை மூடியுள்ளது, கீழே இறங்கி வராதே, கயத்தாற்றுக்குப் போ, திருப்பிச் சொல். நான் படித்தேன். விரலை எடுத்தார். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு விக்டர் ஏழு கூப்பிட்டது. கடலின் மேல், ஆறாயிரம் அடி, இன்னும் இருபது நிமிடத் தொலைவு. நான் சீட்டைப் படித்தேன். ஒவ்வொரு மின்னலுக்கும் காதில் ஒரு கரகரப்பு, சொல்லை விழுங்கியது. மறுபடி சொல் என்றார். மறுபடி படித்தேன். மறுபடி என்றார். மூன்றாம் முறை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தேன். அதன் பிறகு வந்த குரலில் ஆங்கிலம் இல்லை.

“ஒண்ணும் கேக்கலியே.”

அதில் பயம் இல்லை, களைப்பு இருந்தது. அண்ணன் தோணியிலிருந்து கரையைப் பார்த்துக் கத்துவது போல இருந்தது. சீட்டை மேசையில் வைத்தேன். சிவப்பு மையிலிருந்து கண்ணை எடுத்து, சன்னலைப் பார்த்தபடி பொத்தானை அழுத்திச் சொன்னேன்:

“இங்கன இறங்க முடியாது. கயத்தாத்துக்குப் போயிட்டு வாங்க.”

மூன்று மூச்சு அளவுக்கு இரைச்சல். பிறகு, ஒருகணம் மிகத் தெளிவாக:

“சரி, வாரேன்.”

இந்த இடத்தில் நான் நிற்க வேண்டும். எங்கள் கரையில் விடைபெறுகிறவர் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார், ‘வாரேன்’ என்பார். வழியனுப்புகிறவரும் ‘போ’ என்று சொல்ல மாட்டார். அதுவும் கடலில் இருக்கும் ஆணிடம் எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தச் சொல்லை உச்சரிக்க மாட்டார்கள். ‘போயிட்டு வாங்க’ என்றேன். ‘வாரேன்’ என்று விடைபெற்றார். வீட்டு வாசலில் நடப்பது போலவே நடந்து முடிந்தது. அவரைத் திருப்பிச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் நாள்தோறும் கேட்டதை, முன்பின் பார்த்திராத ஓர் ஆண்மகனிடம், ‘நான் சொன்னதை அப்படியே ஒருமுறை சொல்லுங்கள்’ என்று தமிழில் கேட்க என் நாக்கு எழவில்லை. மொழியை மாற்றியபோது, அந்த மொழியின் மரியாதைகளும் அறைக்குள் வந்துவிட்டன.

டிக் போட்டேன். பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன்: உத்தரவு சொல்லப்பட்டது, ஏற்கப்பட்டது. உண்மையைச் சொன்னால், எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது. ஓராண்டுக்கு மேல் எண்ணாகவே தெரிந்த ஒருவர் என்னிடம் விடைபெற்றுப் போனார்.

தகரக் கூரையில் மழை மறுபடி பிடித்தது. மூன்றரை மணிக்கு மிஸ்டர் லாசன் முழங்கால் வரை சேற்றோடு வந்தார். நான்கு மணிக்குத் தொலைபேசி உயிர் பெற்றது. அவர் கயத்தாற்றைக் கூப்பிட்டு விக்டர் ஏழு எப்போது இறங்கியது என்று கேட்டார். அங்கே எந்த விமானமும் வரவில்லை என்றார்கள்.

அவர் தொலைபேசியை மெல்ல வைத்தார். சீட்டை எடுத்தார், டிக்கைப் பார்த்தார். பதிவேட்டின் வரியைப் பென்சிலால் தொடர்ந்து படித்தார். பென்சிலைத் திருப்பவில்லை. “உன் பக்கம் கிளீன்” என்றார். உத்தரவை வாங்கிக்கொண்டு போனவன், இங்கிருந்து கயத்தாற்றுக்குப் போகும் வழியில் எங்கேயோ விழுந்திருக்கிறான் என்பது அவர் முடிவு. உள்நாட்டுப் பனங்காட்டுப் பக்கம் தேட இரண்டு வண்டிகள் தயாராயின. பொழுது சாய இரண்டு மணி நேரம் இருந்தது.

சுடலை அண்ணாச்சி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சன்னலருகே வந்து எட்டிப் பார்த்தார்.

“வாரேன் தாயி.”

“போயிட்டு வாங்க அண்ணாச்சி.”

அவர் போனார். நான் அப்படியே நின்றேன். மதியம் நான் பேசியதையும் விமானி பேசியதையும் அப்போதுதான் வெளியிலிருந்து கேட்டேன். அண்ணாச்சி ‘வாரேன்’ என்று சொன்னதும் அவர் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் முதுகை நான் பார்த்தேன். விக்டர் ஏழின் முதுகை யார் பார்த்தார்கள்?

பேசும் பொத்தானை அழுத்தியிருக்கும்போது நம் காதில் எதுவும் விழாது. நான் பேசிய அந்த வாக்கியம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை நான் கேட்டிருக்க முடியாது. ஆனால் பேசுகையில் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘இங்கன’ என்றபோது கடல் இருண்டிருந்தது. ‘இறங்க’ என்று தொடங்கும்போது மின்னல் பாத்திகளின் மேல் வெளுத்து, இரண்டு மூன்று முறை துடித்து, ‘வாங்க’ என்பதற்கு முன் அடங்கியது. வகுப்பில் செய்யுளைச் சீர் சீராகப் பிரிப்பதைப் போல அந்த வாக்கியத்தைப் பிரித்தேன். மின்னல் தின்றதை நீக்கினேன். எஞ்சியது இரண்டு சொல்.

இங்கன. வாங்க.

அதற்கு எவரும் சொல்லும் மறுமொழியைத்தான் அவர் சொன்னார்.

போ என்று கேட்டிருந்தால் மேகத்துக்கு மேலேயே நின்று கயத்தாற்றுக்குப் போயிருப்பார். வா என்று கேட்டதால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு கடலின் மேல் தாழ இறங்கியிருப்பார். வண்டிகள் பனங்காட்டுக்குப் போகின்றன. அவர் தண்ணீரில் இருக்கிறார்.

நான் வாய் திறக்காவிட்டால் பதிவேடு எதையும் காட்டிக்கொடுக்காது. இந்த நினைவு எனக்கு வந்தது என்பதை மறைக்கவில்லை. எவ்வளவு நேரம் அந்த நினைவோடு நின்றேன் என்று தெரியாது. வண்டியின் எஞ்சின் உயிர் பெறும் சத்தம் கேட்டு ஓடினேன்.

மிஸ்டர் லாசன் வண்டிப் படியில் கால் வைத்திருந்தார்.

“சார், நான் இங்கிலீஷ்ல சொல்லல. தமிழ்ல சொன்னேன்.”

அவர் காலை எடுத்தார். “என்ன சொன்னே? எக்ஸாக்டா சொல்லு.”

சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டையே எடுத்து, அதன் பின்புறத்தில் என் வாக்கியத்தை ஆங்கில எழுத்துகளில் எழுதினார். மழைத்துளி விழாதபடி கையால் மறைத்துக்கொண்டார். மின்னல் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கேட்டார். நான் காட்டிய இடங்களுக்கு நடுவே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். மிஞ்சியதைப் படித்தார்.

“போங்கன்னு ஒரு வேர்டு இருக்கில்ல? அதைச் சொல்றதுக்கு என்ன?”

“கடல்ல இருக்குறவங்ககிட்ட எங்க வீட்டுல அப்படிச் சொல்ல மாட்டோம், சார்.”

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். கோபம் என்று அதைச் சொல்ல முடியாது. ஒருவேளை, தன்னிடம் உள்ள எந்த வளையமும் பொருந்தாத ஒரு தண்டவாளத்தை அவர் முதல் முறையாகக் கண்டிருக்கலாம். பிறகு ஓட்டுநரிடம் வண்டியைக் கடற்கரைக்குத் திருப்பச் சொன்னார். என்னையும் ஏறச் சொன்னார்.

வாடைக் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. வள்ளங்களையெல்லாம் மேட்டில் ஏற்றிக் கவிழ்த்திருந்தார்கள். மிக்கேல் சம்மாட்டி என்ற வள்ளக்காரர்தான் அந்தப் பருவத்தில் கடலுக்குள் போகத் துணிகிறவர் என்றார்கள். ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். மிஸ்டர் லாசன் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவரை விட்டு என்னிடம் திரும்பினார்.

“ஏளா, இம்புட்டுக் கடல்ல எங்கனன்னு தேட? கடைசியா என்னதான் சொன்னான்?”

“வாரேன்னு சொன்னாவ.”

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “வாரேன்னு சொன்னவன்லாம் வந்திருந்தா இந்தக் கரையில நிக்க எடம் இருக்காது.”

 நான், விமானி கடைசியாகச் சொன்ன உயரத்தையும் தொலைவையும், எந்தத் திசையிலிருந்து வழக்கமாக வருவார் என்பதையும் மணலில் கோடு போட்டுக் காட்டினேன். கோடு, எதிரேயுள்ள தீவுக்கும் கரைக்கும் இடையே நீருள் கிடக்கும் பாறைமேடான பார்த் திட்டைத் தொட்டுக்கொண்டு வந்தது. சம்மாட்டி வலையை வைத்துவிட்டு அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தார். “நீரு வத்துத நேரந்தான்” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். எழுந்து, ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வள்ளம் அலையில் ஏறும்போது, கரையில் நின்றிருந்த பெண்கள் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவில்லை.

இருட்டுவதற்குள் திரும்பினார்கள். விமானத்தின் ஓர் இறக்கை பாறையில் மாட்டிக்கொண்டு நின்றதாம். அதைப் பிடித்துக்கொண்டு விமானி கிடந்தார். இடது தொடை ஒடிந்திருந்தது. நீர் ஏறியிருந்தால் இறக்கை பெயர்ந்திருக்கும் என்றார்கள். அவரை வண்டியில் ஏற்றும்போது நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். போர்த்தியிருந்த பாய்க்கு வெளியே ஒரு கை தெரிந்தது, முகத்தைப் பார்க்கவில்லை. சம்மாட்டி தலையைத் துவட்டியபடி என்னிடம் வந்தார்.

“தூக்கும்போ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். வரச் சொன்னாவ, வந்தேன்னான்.”

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நான் ஏன் விதியை மீறினேன் என்றும், ஏன் திருப்பிச் சொல்லக் கேட்கவில்லை என்றும் கேட்டார். முதல் கேள்விக்கு விடை சொல்ல முடிந்தது. மிஸ்டர் லாசன் என் மீது எதுவும் சொல்லவில்லை. ‘சீட்டில் கையெழுத்திட்டவன் நான், நான் அறையில் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார்; அதனால் அவருடைய பதவி உயர்வு நின்றது. நான் மைக்கில் பேசக் கூடாது, பதிவேடு மட்டும் எழுதலாம் என்று முடிவாயிற்று.

பதினான்கு மாதங்கள் அப்படி எழுதினேன். மதுரையிலிருந்து வந்த ஒருவர் பேசினார். நான் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் அமர்ந்து அவர் பேசியதையும் அவருக்கு வந்த மறுமொழியையும் எழுதினேன். முன்பு என் குரலாவது அந்த அறையில் எனக்குத் துணையாக இருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். விக்டர் ஏழு என்ற பெயர் வேறொரு குரலுக்குப் போயிற்று. சில மாதங்களுக்குப் பின், வேறோர் எண்ணில், பழைய குரல் திரும்பி வந்தது. கடலை முன்போலவே நீட்டியது. அனுமதிகளை முன்னைவிட மெதுவாகத் திருப்பிச் சொன்னது. நான் எழுதினேன்.

போர் முடிந்து நிலையத்தை மூடும் நாளில், சாமான்களெல்லாம் கட்டப்பட்டு ரேடியோ மட்டும் மேசையில் இருந்தது. மதுரைக்காரர் முந்தின நாளே போய்விட்டார். முற்பகலில் ஒரு விமானம் கூப்பிட்டது: கொழும்பிலிருந்து திருச்சிக்கு, இங்கே இறங்கவில்லை, மேலே கடந்து போக அனுமதி வேண்டும். அந்தக் குரல்தான். மிஸ்டர் லாசன் சீட்டை எழுதினார். என்னிடம் நீட்டினார். நான் விளிம்பைப் பிடித்துப் படிக்கத் தொடங்கினேன். படிக்குமுன்னே அவர் விரல்களை எடுத்துவிட்டார். மைக்கை என் பக்கம் நகர்த்திவிட்டு, காற்றுப் பையைக் கழற்றிக்கொண்டிருந்த சுடலை அண்ணாச்சியிடம் ஏதோ சொல்ல வெளியே போனார்.

நான் அனுமதியைச் சொன்னேன். பதினான்கு மாதத்துக்குப் பின் என் குரல் எனக்கே அயலாக இருந்தது. அந்தப் பக்கம் சிறிது தயக்கம். பிறகு ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். விரல் சீட்டின் கடைசிச் சொல் வரை நகர்ந்தது. டிக் போட்டேன். உரையாடல் அங்கே முடிந்திருக்க வேண்டும். விசாரணையில் என் வாக்கியத்தை அவருக்கும் படித்துக் காட்டியிருப்பார்கள். அதை அவர் மறக்கவில்லை.

“போறேன்” என்றார்.

எங்கள் கரையில் பிறந்த ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். சன்னலுக்கு வெளியே பாத்திகளின் மேல் விமானத்தின் நிழல் கடந்தது. பொத்தானை அழுத்தினேன்.

“போங்க” என்றேன்.

வானத்தில் மேகமே இல்லை. ஒவ்வோர் எழுத்தும் கேட்டிருக்கும்.